ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு லேப்டாப், போன்: பாஸ்வேர்ட் மேனேஜரை எதில் எப்படிப் பூட்டி வைப்பது?

#1 நொய்யல்கரை

வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு கணக்கு ஆபீஸ் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகளும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும்தான் கிளையண்ட். ஒவ்வொருவருக்கும் ஜிஎஸ்டி, வருமான வரி, இ-வே பில், பிஎஃப் என்று நாலைந்து லாகின். முன்பு எல்லாம் நீள நோட்டில் இருந்தது. இப்போது பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜருக்கு மாற்றிவிட்டேன். அந்தப் பெட்டகத்தைத் திறக்கும் மாஸ்டர் பாஸ்வேர்ட் நீளமானது, லாகினில் பாஸ்வேர்டோடு இன்னொரு எண்ணும் கேட்கும் டூ-ஸ்டெப்பும் போட்டிருக்கிறேன்.

என் சந்தேகம் பூட்டுவதைப் பற்றி. நாலு இடத்தில் பிட்வார்டன் இருக்கிறது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் குரோம் எக்ஸ்டென்ஷன், அதாவது பிரவுசரோடு சேர்ந்து ஓடும் துணைச் செயலி. அதே கம்ப்யூட்டரில்தான் உதவிக்கு இருக்கும் இரண்டு பெண்களும் டேலி கணக்கு மென்பொருளில் வேலை செய்கிறார்கள். அப்புறம் வீட்டு லேப்டாப், என் ஆண்ட்ராய்டு போன், பையன் பாடம் பார்க்கும் டேப்லெட்.

ஆபீஸில் ஐந்து நிமிடத்தில் பூட்டும்படி வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் லேப்டாப்பில் பிரவுசரை மூடித் திறந்தால்தான் பூட்டும் என்று இருக்கிறது. போனில் பதினைந்து நிமிடம். ஒரே கணக்குதானே, ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறாதா? டூ-ஸ்டெப் இருக்கும்போது இதற்கெல்லாம் கவலையே வேண்டாம் என்கிறான் தம்பி. உள்ளே இருப்பது என் பாஸ்வேர்ட் மட்டும் என்றால் விட்டுவிடுவேன். ஊரார் கணக்கு இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

#2 சர்வர்அறை

மாறாது மேடம். பெட்டகத்துக்குள் இருக்கும் பாஸ்வேர்ட் எல்லாம் சர்வர் வழியாக எல்லாக் கருவிக்கும் போகும். எப்போது பூட்டுவது என்ற விதி மட்டும் அந்தந்தக் கருவியிலேயே தங்கிவிடும். ஒரே கம்ப்யூட்டரில் குரோமும் பயர்பாக்ஸும் வைத்திருந்தால் அவை இரண்டுக்கும் தனித்தனி விதி. குரோமிலேயே இரண்டு புரொஃபைல் என்றாலும் அப்படித்தான். ஒவ்வொன்றாகப் போய் அக்கவுண்ட் செக்யூரிட்டி பக்கத்தில் மாற்ற வேண்டும். இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். பையன் டேப்லெட்டுக்கும் உங்கள் போனுக்கும் ஒரே விதி பொருந்தாது.

அந்தப் பக்கத்தில் இரண்டு கேள்வி இருக்கும். எவ்வளவு நேரத்தில் என்பது ஒன்று. நேரம் ஆனதும் லாக் ஆகணுமா, லாக் அவுட் ஆகணுமா என்பது இன்னொன்று. பலரும் முதலாவதை மட்டும் மாற்றிவிட்டுப் போய்விடுகிறார்கள். இரண்டாவதுதான் பெரிய வித்தியாசம்.

லாக் என்றால், மறையாக்கத்தை (தகவலைப் படிக்க முடியாதபடி மாற்றி வைப்பதை) அவிழ்க்கும் சாவி கருவியின் நினைவகத்திலிருந்து அழியும். மறையாக்கிய நகல் வட்டிலேயே (ஹார்டு டிஸ்கில்) இருக்கும். அதனால் இணையம் இல்லாவிட்டாலும் திறக்கலாம். லாக் அவுட் என்றால் அந்த நகலும் கருவியிலிருந்து போய்விடும். மறுபடி வர இணையம் வேண்டும், மாஸ்டர் பாஸ்வேர்ட் வேண்டும், டூ-ஸ்டெப்பும் வேண்டும். பீரோவைப் பூட்டிவிட்டுப் போவதற்கும் பீரோவையே அந்த வீட்டிலிருந்து தூக்கிப் போவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி சொன்னது இங்கேதான் சறுக்குகிறது. டூ-ஸ்டெப் கேட்பது லாகின் ஆகும்போது மட்டும். லாக் ஆன பெட்டகத்தைத் திறக்கும்போது கேட்காது. ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்ட் தெரிந்தவர் உட்கார்ந்தால், ஓடிபி எதுவும் கேட்காமல் பெட்டகம் திறந்துவிடும்.

#3 கரிசல்காடு

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? எல்லாக் கருவியிலயும் உடனே பூட்டுற மாதிரி வெச்சிடுங்க. ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் பாஸ்வேர்ட் அடிங்க. கைரேகை, பின் எதுவும் வேண்டாம். நான் வருஷக்கணக்கா இப்படித்தான். அடிச்சு அடிச்சு விரலுக்கே மனப்பாடம் ஆகிடும், மறக்கவும் மறக்காது.

#4 பூவரசு

கரிசல் அண்ணா, தனி அறையில் தனியாக உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நீங்கள் சொல்வது பொருந்தும். இவர் இருக்கும் இடத்தை யோசித்துப் பாருங்கள். கிளையண்ட் எதிரில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து நாற்காலியில் உதவியாளர். தலைக்கு மேலே சிசிடிவியும் இருக்கலாம்; அது மேசையைப் பார்த்தபடி மாட்டப்பட்டிருந்தால் கீபோர்டும் அதில் தெரியும். ரிட்டர்ன் போடும் வாரத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை பெட்டகத்தைத் திறப்பார்? அத்தனை முறையும் மாஸ்டர் பாஸ்வேர்டை நாலு பேர் கண்ணெதிரே அடிக்க வேண்டும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. நீளமான பாஸ்வேர்டை அடிக்கடி அடிக்கச் சொன்னால் மனிதர் சீக்கிரமே அதைச் சுருக்கிவிடுவார். ஐந்து சொல்லாக இருந்தது எட்டு எழுத்தாகும். கடுமையான பூட்டு விதி கடைசியில் மாஸ்டர் பாஸ்வேர்டையே பலவீனமாக்கிவிட்டுப் போகும். மாஸ்டர் பாஸ்வேர்டை எவ்வளவு குறைவாக அடிக்கிறோமோ, அவ்வளவு நீளமாக வைத்துக்கொள்ள மனசு வரும். கைரேகை இங்கே சோம்பேறித்தனம் இல்லை. நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டைக் காப்பாற்றித் தருவதே அதுதான்.

#5 நொய்யல்கரை

சிசிடிவி பற்றி நீங்கள் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தேன். சரியாக என் மேசைக்கு மேலேதான் இருக்கிறது. அப்படியென்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாலு இலக்க பின் வைத்துக்கொள்ளலாமா? அதில் கைரேகை வசதி கிடையாது.

#6 பூவரசு

நாலு இலக்கம் வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாந்துவிடுகிறார்கள்.

பிட்வார்டனில் பின்னை ஐந்து முறை தப்பாக அடித்தால் லாக் அவுட் ஆகிவிடும். அதைப் பார்த்ததும், ஏடிஎம் கார்டு மாதிரிதானே, யாராலும் ஊகித்துக்கொண்டே இருக்க முடியாது என்று தோன்றும். அந்த எண்ணிக்கையை வைத்திருப்பது செயலி. திருடன் செயலியைத் தொடாமல் வட்டில் இருக்கும் கோப்பை மட்டும் நகலெடுத்துப் போனால் எண்ணுவதற்கு அங்கே யாரும் இல்லை. நாலு இலக்கம் என்றால் மொத்தமே 10,000 வாய்ப்பு. ஒரு கம்ப்யூட்டருக்கு அது வேலையே இல்லை.

பின் போடும்போது, பிரவுசரைத் திரும்பத் திறக்கையில் மாஸ்டர் பாஸ்வேர்ட் கேட்கவா என்று டிக் செய்யும் ஒரு கேள்வி வரும். அதில் டிக் இருந்தால், பின்னைக் கொண்டு திறக்கக்கூடிய சாவி நினைவகத்தில் மட்டும் இருக்கும். பிரவுசரை மூடியதும் போய்விடும். காலையில் ஒருமுறை மாஸ்டர் பாஸ்வேர்ட், அதன் பிறகு அன்று முழுக்கப் பின் போட்டாலே போதும். அந்த டிக்கை எடுத்துவிட்டால் பின் போட்டு மறையாக்கிய சாவி வட்டிலேயே உட்கார்ந்துவிடும். அப்போது உங்கள் நீள மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை வேலையே இல்லை. மொத்தப் பெட்டகத்தின் பலமும் அந்த நாலு எண்ணின் பலம்தான்.

ஆக, பின் வைப்பதென்றால் அந்த டிக்கை எடுக்காதீர்கள். எண் மட்டும்தான் என்று கட்டாயமில்லை, எழுத்தும் போடலாம். எட்டு பத்து எழுத்தாக வையுங்கள்.

இன்னொரு வழி, யுஎஸ்பி கைரேகைக் கருவி வாங்கிச் செருகுவது. விண்டோஸின் கைரேகை, முக அடையாள வசதியான விண்டோஸ் ஹலோ ஏற்கும் வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் மட்டும் இருந்தால் கைரேகை வேலை செய்யாது. பிட்வார்டனின் டெஸ்க்டாப் செயலியையும் நிறுவி, அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும்.

#7 தாழ்வாரம்

எல்லாரும் பிட்வார்டனைப் பற்றியே பேசுவதால் நான் கீபாஸ்எக்ஸ்சி என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர் பக்கம் நின்று சொல்கிறேன். பெட்டகம் ஒரே ஒரு கோப்பு. கம்பெனி சர்வர், கணக்கு, சந்தா எதுவும் இல்லை. சும்மா விட்டால் பூட்டுவது, விண்டோஸ் திரை பூட்டினால் தானும் பூட்டிக்கொள்வது, சன்னலைச் சுருக்கினால் பூட்டுவது என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நகலெடுத்த பாஸ்வேர்டை வழக்கமாகப் பத்து விநாடியில் கிளிப்போர்டிலிருந்து துடைத்துவிடும். அதே கோப்பைத் திறக்க ஆண்ட்ராய்டில் கீபாஸ்2ஆண்ட்ராய்டு என்ற செயலி இருக்கிறது. அதில் ஒருமுறை முழுப் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தால், அடுத்த முறைகளில் அதன் கடைசி மூன்று எழுத்து போதும். ஒரே ஒரு தடவை தப்பினாலும் முழுதாகக் கேட்கும். இந்த யோசனை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சர்வரில் குவிந்திருந்தால் என்ன ஆகும் என்பதை லாஸ்ட்பாஸ் என்ற பாஸ்வேர்ட் மேனேஜர் கம்பெனி காட்டிவிட்டது. 2022-இல் அவர்களிடமிருந்து வாடிக்கையாளர் பெட்டகங்களின் காப்பு நகல்களையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தளங்களின் முகவரி மறையாக்கப்படாமலே இருந்தது. பயனர் போட்டிருந்த டூ-ஸ்டெப்போ, பூட்டு நேரமோ அங்கே உதவவில்லை.

#8 சர்வர்அறை

தாழ்வாரம் சொன்னதில் ஒரு பாதிக்கு என் முழு ஆதரவு. லாஸ்ட்பாஸில் நகல் திருடு போன பிறகு ஒவ்வொருவரையும் காப்பாற்றியது அவரவர் மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளமும், அதை எத்தனை சுற்று அரைத்துச் சாவியாக்கினார்கள் என்ற எண்ணிக்கையும்தான். பழைய கணக்குகள் பலவற்றில் அந்த எண்ணிக்கையை உயர்த்தாமலே விட்டிருந்தார்கள். பிட்வார்டனில் 2023-லிருந்து புதுக் கணக்குகளுக்கு 6,00,000 சுற்று. அதற்கு முன்பே கணக்கு தொடங்கியவர்கள் வலைப் பெட்டகத்தில் (பிரவுசரில் திறக்கும் பிட்வார்டன் தளத்தில்) பாதுகாப்பு அமைப்பு, சாவிகள் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 1,00,000 என்று இருந்தால் உயர்த்துங்கள், அல்லது பாஸ்வேர்டைச் சாவியாக்கும் இன்னொரு முறையான ஆர்கான்2ஐடிக்கு மாறுங்கள்.

மற்ற பாதியில் எனக்கு ஒப்புதல் இல்லை. மேடம் நாலு கருவியில் கோப்பைத் தானே ஒத்திசைக்க வேண்டும். ஆபீஸில் ஒரு பாஸ்வேர்டை மாற்றுவார், வீட்டில் பழைய கோப்பைத் திறந்து இன்னொன்றை மாற்றுவார், இரண்டு நகல் முட்டிக்கொள்ளும். தெரிந்தவர் சமாளிப்பார். ரிட்டர்னுக்குக் கடைசி நாளான இருபதாம் தேதி சாயந்திரம் ஜிஎஸ்டி தளம் திணறிக்கொண்டிருக்கும்போது அதைச் சமாளிக்க எல்லாராலும் ஆகாது. அதோடு கீபாஸிலும் ஓட்டை வந்திருக்கிறது: 2023-இல் அதே குடும்பத்துச் செயலியான கீபாஸ் 2-இன் நினைவகத்திலிருந்து மாஸ்டர் பாஸ்வேர்டைக் கிட்டத்தட்ட முழுதாக எடுக்கலாம் என்று கண்டுபிடித்து, 2.54 பதிப்பில் சரி செய்தார்கள். கீபாஸ்எக்ஸ்சிக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

#9 தாழ்வாரம்

ஒத்திசைவு முட்டுவது உண்மைதான், மறுக்கவில்லை. தனி ஒருவருக்கு என் வழி. ஆபீஸுக்கு உங்கள் வழி இருக்கட்டும்.

#10 வடமராட்சி

எல்லாருக்கும் வணக்கம். நான் லண்டனில இருக்கிறன். இங்க போன் பறிப்பு சரியான மோசம். ஸ்கூட்டர், மின்சைக்கிளில வந்து கையில திறந்து இருக்கிற போனை அப்பிடியே இழுத்துக்கொண்டு போயிடுவாங்கள். அதால "போன் பூட்டித்தானே இருக்கு" எண்ட நம்பிக்கை இங்க செல்லாது. பறிக்கிற நேரம் போன் திறந்துதான் இருக்கும்.

இன்னொரு வகையும் இருக்கு. முதலில நீங்கள் ஆறு இலக்கத்தை அடிக்கிறதைப் பக்கத்தில நிண்டு பாத்திட்டு, பிறகு போனை எடுக்கிறது. 2023-இல அமெரிக்காவில இதைப் பற்றி வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் விரிவாக எழுதினது. அந்த ஆறு இலக்கம் தெரிஞ்சால் ஐபோனில சேமிச்ச கடவுச்சொல் எல்லாத்தையும் பாக்கலாம், ஆப்பிள் கணக்கின்ர கடவுச்சொல்லையே மாத்தலாம் எண்ட நிலைமை. அதுக்குப் பிறகுதான் 2024 ஜனவரியில ஐஓஎஸ் 17.3-இல "ஸ்டோலன் டிவைஸ் புரொடெக்‌ஷன்" வந்தது. அதைப் போட்டு வைச்சால், வீடு, வேலையிடம் போல பழகின இடத்துக்கு வெளியில சேமிச்ச கடவுச்சொல்லைப் பாக்க முகமோ கைரேகையோ கட்டாயம்; இலக்கத்தை அடிச்சுத் தப்பேலாது. ஆப்பிள் கணக்கின்ர கடவுச்சொல்லை மாத்த ஒரு மணித்தியாலம் காத்திருக்கவும் வேணும். ஐபோன் வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து இண்டைக்கே போட்டு விடுங்கோ.

நான் சொல்ல வாறது, பெட்டகத்தின்ர பூட்டும் போனின்ர பூட்டும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. போன் பின்னையே பிட்வார்டனுக்கும் வைச்சிருக்கிற ஆக்களை நான் கண்டிருக்கிறன். அப்பிடி வைச்சால் இரண்டாவது பூட்டே இல்லை எண்டுதான் அர்த்தம். போனில நேரத்தை "உடனே" எண்டு வையுங்கோ. பிட்வார்டனை விட்டு வெளியில வந்த உடன பூட்டுப்படும். விரலை வைச்சால் திறக்கும் எண்டதால கரைச்சல் இல்லை.

#11 பூவரசு

வடமராட்சி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், நம் வீடுகளில் இது அதிகம். போனில் யார் யாருடைய கைரேகை பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். யூடியூப் பார்க்கக் குழந்தையின் விரல், அவசரத்துக்குக் கணவரின் விரல், அம்மாவின் விரல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்திருக்கும். பெட்டகத்துக்குக் கைரேகை போட்டால் போனில் பதிவான எல்லா விரலும் அதைத் திறக்கும். இது உன் விரல், இது அவர் விரல் என்று செயலிக்குத் தெரியாது. பெட்டகத்தைக் கைரேகையில் வைப்பதற்கு முன் மற்றவர் விரல்களை நீக்கிவிடுங்கள். அதன் பிறகு யாராவது புதிதாக ஒரு விரலைச் சேர்த்தால், ஆண்ட்ராய்டு அந்தச் சாவியைச் செல்லாததாக்கிவிடும். பெட்டகம் மறுபடி மாஸ்டர் பாஸ்வேர்ட் கேட்கும். காரணமில்லாமல் திடீரென்று அப்படிக் கேட்டால், யார் விரலைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்.

விலை குறைந்த போன்களில் முகம் காட்டித் திறப்பதும் உண்டு. பலவற்றில் அது முன்கேமரா மட்டும் வைத்துச் செய்வது. அந்தத் தரத்தைச் செயலிகள் ஏற்காததால்தான் வங்கிச் செயலியும் பிட்வார்டனும் அங்கே கைரேகை மட்டும் கேட்கின்றன.

#12 நொய்யல்கரை

என் போனில் பையன் விரல் இருந்தது. எடுத்துவிட்டேன், முகம் சுளித்தான். போனில் இப்போது உடனே, கைரேகை.

ஆபீஸ்தான் இன்னும் குழப்பம். ஐந்து நிமிடம் என்று வைத்தேன் இல்லையா? எக்ஸெல்லில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே பூட்டிக்கொள்கிறது. நான் எழுந்து எங்கேயும் போகவில்லை. இன்னொன்று, சில வேலைகளை உதவியாளரே செய்ய வேண்டியிருக்கிறது. அப்போது நான் திறந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறேன்.

#13 சர்வர்அறை

முதல் கேள்விக்குப் பதில் எளிது. பிட்வார்டன் எண்ணுவது நீங்கள் பிட்வார்டனைத் தொட்டு எவ்வளவு நேரம் ஆனது என்பதை. கம்ப்யூட்டர் சும்மா இருந்த நேரத்தை அது பார்ப்பதில்லை. எக்ஸெல்லில் மும்முரமாக இருந்தாலும் அதன் கணக்கில் நீங்கள் இல்லை.

அதனால் நேரத்தை மட்டும் நம்பாதீர்கள். குரோம் எக்ஸ்டென்ஷனில் "சிஸ்டம் லாக் ஆகும்போது" என்று ஒரு தேர்வு உண்டு. பயர்பாக்ஸில் அது வராது. அதைத் தேர்ந்தெடுத்து, நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் விண்டோஸ் பட்டனோடு எல் அழுத்துங்கள். திரையும் பெட்டகமும் சேர்ந்து பூட்டும். விண்டோஸ் திரை தானாகவே ஐந்து நிமிடத்தில் பூட்டும்படியும் வைத்தால், எழும்போது மறந்தாலும் பாதகமில்லை. கம்ப்யூட்டர் உண்மையிலேயே சும்மா இருந்தால்தான் அது எண்ணும்.

"பிரவுசரை மூடினால்" என்ற தேர்வை ஆபீஸில் வைக்காதீர்கள். குரோமிலும் எட்ஜிலும் சன்னலை மூடிய பிறகும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு உண்டு. நாம் மூடிவிட்டோம் என்று நினைப்போம், பிரவுசர் மூடியிருக்காது, பெட்டகம் திறந்தே கிடக்கும். "ஒருபோதும் பூட்டாதே" என்பதைத் தொடவே கூடாது. அதில் சாவி பாதுகாப்பில்லாமல் வட்டிலேயே எழுதப்படும். பிட்வார்டனே எச்சரிக்கும், நாம்தான் சரி சரி என்று தட்டிவிடுவோம்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. மூன்று பேரும் ஒரே விண்டோஸ் யூசரில் வேலை செய்கிறீர்கள் என்று புரிகிறது. அப்படியிருக்கும் வரை மேலே சொன்ன எதுவும் அரைகுறைதான். திரையைப் பூட்டினால் அவர்கள் டேலி போட முடியாது, அதனால் விண்டோஸ் பாஸ்வேர்டை அவர்களுக்கும் சொல்லியிருப்பீர்கள். ஆளுக்கு ஒரு விண்டோஸ் யூசர் போடுங்கள். டேலி கோப்புறையை மூவருக்கும் பொதுவான இடத்தில் வைக்கலாம். எக்ஸ்டென்ஷன் உங்கள் யூசரில் மட்டும் இருக்கட்டும்.

அவர்களுக்கு லாகின் வேண்டும் என்றால் உங்கள் பெட்டகத்தைத் திறந்து கொடுக்காதீர்கள். அவர்களுக்கே பிட்வார்டன் கணக்கு தொடங்கி, ஒரு ஆர்கனைசேஷன் (பலர் பகிரும் பொதுப் பெட்டகம்) உருவாக்கி, தேவையான கிளையண்டுகளை மட்டும் அதில் பகிருங்கள். இலவசத்தில் இரண்டு பேர் வரைதான், இரண்டு தொகுப்புதான். நீங்களும் ஒரு உதவியாளரும் என்றால் போதும். மூவருக்கும் என்றால் காசு கட்ட வேண்டும். ஊரார் கணக்கு என்று நீங்களே சொன்னீர்கள். யார் எதைத் திறக்க முடியும் என்பது உங்கள் கையில் இருக்க இந்தச் செலவு தகும்.

#14 கரிசல்காடு

பூவரசு சொன்ன மாஸ்டர் பாஸ்வேர்ட் சுருங்கிப் போகும்ங்கிறதை யோசிச்சுப் பாத்தேன். கூட்டமான இடத்துக்கு அது நியாயம். ஆனா வீட்டு லேப்டாப்புக்கு நான் இன்னும் என் பக்கம்தான். தினமும் ஒரு தடவையாவது முழுசா அடிக்கலைன்னா மறந்துடும். கைரேகையிலேயே ஓட்டி, போன் தண்ணியில விழுந்து, புதுப் போன்ல என்ன அடிக்கணும்னே தெரியாம நின்னவங்களை எனக்குத் தெரியும். பிட்வார்டன் கம்பெனிகிட்ட போய்க் கேட்டாலும் கிடைக்காது, அவங்ககிட்டயே இல்ல.

#15 பூவரசு

இதில் அண்ணாவோடு முழுக்க உடன்படுகிறேன். ஒன்பாஸ்வேர்ட் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜரில் இதற்காகவே, கைரேகை போட்டிருந்தாலும் குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை முழுப் பாஸ்வேர்டைக் கேட்கும் ஏற்பாடு உண்டு. பிட்வார்டனில் நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்காத ஒரு கருவியில், மேடத்துக்கு வீட்டு லேப்டாப், பின்னும் கைரேகையும் இல்லாமல் மாஸ்டர் பாஸ்வேர்ட் மட்டும். ஆபீஸில் அடிக்காத குறைக்கு அங்கே அடித்துக்கொள்ளலாம்.

எல்லாரும் மறக்கும் ஒன்று: பெட்டகம் பூட்டினால் பெட்டகம் மட்டும்தான் பூட்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் ஜிமெயில், வருமான வரித் தளம், வங்கிக் கணக்கு எல்லாம் அப்படியேதான் இருக்கும். தகவல் திருடும் நச்சுநிரல்கள் குறிவைப்பதும் அந்தத் திறந்த அமர்வுகளின் குக்கிகளைத்தான், அதாவது நாம் லாகின் ஆகியிருக்கிறோம் என்று பிரவுசர் வைத்திருக்கும் அடையாளக் கோப்புகளை. கிளிப்போர்டும் அப்படியே. விண்டோஸில் விண்டோஸ் பட்டனோடு வி அழுத்திப் பாருங்கள். கிளிப்போர்டு வரலாறு இயங்கும்படி இருந்தால், காலையிலிருந்து நகலெடுத்த பாஸ்வேர்டுகள் வரிசையாகத் தெரியக்கூடும். அதை அணைத்துவிட்டு, பிட்வார்டன் அமைப்பில் கிளிப்போர்டை முப்பது விநாடியில் துடைக்கும்படி வையுங்கள்.

#16 நொய்யல்கரை

இந்த வாரம் செய்தவை. ஆபீஸில் ஆளுக்கு ஒரு விண்டோஸ் யூசர். என் யூசரில் மட்டும் எக்ஸ்டென்ஷன், சிஸ்டம் லாக் ஆனால் லாக். பத்து எழுத்துப் பின், காலையில் பிரவுசர் திறக்கும்போது மாஸ்டர் பாஸ்வேர்ட். அந்த ஒரு முறையும் ஆபீஸ் திறப்பதற்கு முன்பே அடித்துவிடுகிறேன். கேமராவைக் கதவுப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டேன். வீட்டு லேப்டாப்பில் மாஸ்டர் பாஸ்வேர்ட் மட்டும், பதினைந்து நிமிடம், லாக் அவுட். டேப்லெட்டில் லாக் அவுட் செய்து செயலியையே நீக்கிவிட்டேன். கிளிப்போர்டு வரலாற்றைத் திறந்து பார்த்தபோது கை நடுங்கியது.

இன்னும் இரண்டு கேள்வி. போன் தொலைந்தால் முதலில் எதைச் செய்வது? மாஸ்டர் பாஸ்வேர்டைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், அது நல்லதா?

#17 சர்வர்அறை

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்ச் சொற்களாக இருக்கட்டும், தமிழ் எழுத்தில் வேண்டாம். "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில விசைப்பலகை ககரத்தைச் சுற்றி வரும் கொம்பையும் காலையும் சேர்த்து ஒரே குறியாக அனுப்பும்; சில, அவற்றைத் தனித்தனியாக இரண்டு குறியாக அனுப்பும். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. செயலி இரண்டையும் சமமாக்கிப் பார்க்காவிட்டால் போனில் வைத்த பாஸ்வேர்ட் லேப்டாப்பில் தப்பு என்று வரும். அடித்ததைக் கண்ணால் பார்த்தாலும் பிழை தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொற்கள் என்றால், ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஒன்றா இரண்டா என்று முதலிலேயே முடிவு செய்து, ஒருமுறை காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து சொல். பாட்டு வரி, பழமொழி, பிள்ளைகள் பெயர் வேண்டாம்.

போன் தொலைந்தால்: வேறு கருவியிலிருந்து கூகுளில் நுழைந்து போனைப் பூட்டுங்கள், சிம்மை முடக்குங்கள். அடுத்து வலைப் பெட்டகத்தில் எல்லா அமர்வுகளையும் துண்டிக்கும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள். முழுதாகச் செயல்பட ஒரு மணி நேரம் வரை ஆகலாம். போன் இணையத்தில் வந்தால்தான் இது போய்ச் சேரும். இணையத்தை அணைத்து வைத்திருக்கும் திருடனிடம் மறையாக்கிய நகல் இருந்துகொண்டேதான் இருக்கும், அதைக் காப்பது மாஸ்டர் பாஸ்வேர்ட் மட்டும். பிறகு மாஸ்டர் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்தப் பழைய நகல் பழைய பாஸ்வேர்டுக்குத்தான் திறக்கும். ஆகவே திறந்த நிலையில் பறிபோனது என்றால் உள்ளே இருக்கும் பாஸ்வேர்டுகளை மாற்றத் தொடங்குங்கள்: மின்னஞ்சல், வங்கி, பிறகு கிளையண்டுகள். போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யை முடக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் செய்ய முதலில் நீங்கள் உள்ளே போக வேண்டும். டூ-ஸ்டெப் செயலி அந்தப் போனிலேயே இருந்ததென்றால்? பிட்வார்டன் தரும் மீட்புக் குறியீட்டை அச்செடுத்து வீட்டில் வையுங்கள். டூ-ஸ்டெப் போடாதவர்களுக்கு ஒரு தகவல்: 2025-லிருந்து புதுக் கருவியில் நுழைந்தால் மின்னஞ்சலுக்கு ஒரு எண் வரும். அந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்ட் பெட்டகத்துக்குள் மட்டும் இருந்தால் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் எடுக்க முடியாது. மின்னஞ்சல் பாஸ்வேர்டும் அந்தக் காகிதத்தில் இருக்கட்டும்.

#18 வடமராட்சி

இன்னும் ஒண்டு அக்கா. உங்களுக்கே திடீரெண்டு ஏலாமல் போனால், கிளையண்ட் ஆக்களின்ர கணக்கை ஆர் பாக்கிறது? எமர்ஜென்சி ஆக்சஸ் எண்டு இருக்கு, காசு கட்டின கணக்குக்கு. ஒருவரை நியமிச்சு வைச்சால் அவர் கோரிக்கை போட்டு, நீங்கள் குறிச்ச நாளுக்குள்ள மறுக்காட்டில் அவருக்குத் திறக்கும். ஒரு நாளில இருந்து 90 நாள் வரை வைக்கலாம். அவருக்கு இலவசக் கணக்கு இருந்தாலே போதும்.

#19 நொய்யல்கரை

இதை நான் கேள்விப்பட்டதே இல்லை. கணவரைப் போடலாம் என்று இருக்கிறேன். எத்தனை நாள் வைப்பது சரி? 30 பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

#20 பூவரசு

உங்கள் தொழிலுக்கு 30 அதிகம். மாதாமாதம் 11-இல் ஜிஎஸ்டிஆர்-1 ரிட்டர்ன், 20-இல் ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்ன். நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் ஒரு மாதத்தில் எல்லாக் கிளையண்டுக்கும் தாமதக் கட்டணம் விழுந்துவிடும். வெளியாள் என்றால் நானும் நீளமாகத்தான் வைக்கச் சொல்வேன். கணவர் என்பதால் இரண்டு நாள், மிஞ்சினால் ஏழு. அவர் கோரியதும் உங்களுக்கு மின்னஞ்சல் வரும், வேண்டாம் என்றால் அங்கேயே மறுத்துவிடலாம். பார்ப்பதற்கு மட்டும், கணக்கையே எடுத்துக்கொள்வதற்கு என்று இரண்டு வகை கேட்கும். பார்ப்பதற்கு மட்டும் என்பதையே தேர்ந்தெடுங்கள், ரிட்டர்ன் போட அது போதும். அவருடைய பிட்வார்டன் கணக்குக்கும் நல்ல மாஸ்டர் பாஸ்வேர்டும் டூ-ஸ்டெப்பும் போட்ட பிறகு நியமியுங்கள்.